கிணத்துல பெட்ரோல் வாசம், 70 மீட்டர்ல பங்க்... என்ன பண்றதுங்க?

தோட்டத்துக்காரன்:
பல்லடம் பக்கம்ங்க நம்ம தோட்டம். போன பங்குனில கிணத்துல தண்ணி அடிமட்டத்துக்கு போனப்ப பெட்ரோல் வாசம் தூக்குச்சு, மேல வானவில் மாதிரி படலம் வேற. கம்ப்ளைண்ட் குடுத்தோம், அதிகாரிங்க ஐப்பசில மழைக்கு நடுவுல வந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டில்ல புடிச்சுட்டு போய் ஒண்ணுமில்லனு ரிப்போர்ட் குடுத்துட்டாங்க. இப்ப தண்ணி இறங்க இறங்க மறுபடி அதே வாசம். பங்க்ல இருந்து 30 மீட்டர்ல இருக்கற பக்கத்து தோட்டத்து போர்ல ஒண்ணுமே இல்லீங்க, அதனால எங்க டேங்க் காரணமே இல்லன்னு பங்க்காரர் சொல்றார்.

வெள்ளாமை2:
கிணத்த நல்லா இறைச்சு விட்டுட்டு பிளீச்சிங் பவுடர் போடுங்க, சரியாயிடும்.

பாறைநீர்:
பிளீச்சிங் பவுடர் கிருமிக்குங்க, பெட்ரோலுக்கு இல்ல. நிக்காம இறைச்சீங்கன்னா பங்க் பக்கம் இருக்கறத நீங்களே இழுத்து விட்ட மாதிரி ஆயிடும். தோட்டத்துக்கார அண்ணா, முதல்ல அந்த தண்ணிய குடிக்க, குளிக்க, சமைக்க எதுக்கும் வேண்டாம். கொதிக்க வெச்சா பெட்ரோல்ல இருக்கற பென்சீன்ங்கற விஷப்பொருள் ஆவியாகி வீட்டுக்குள்ளதான் நிக்கும். யாரும் கிணத்துக்குள்ள இறங்க வேண்டாம், பக்கத்துல பீடி கூட பத்த வைக்க விடாதீங்க.

பெட்ரோல் தண்ணிய விட லேசு, அதனால நிலத்தடி நீர் மேல மிதக்கும். மழைக்கு மட்டம் ஏறுனா அது மண் இடுக்குல சிக்கி தண்ணிக்கு கீழ அமுங்கிடும், கோடைல மட்டம் இறங்குனா திரும்ப வழிஞ்சு கிணத்துக்கு வரும். ஐப்பசில ஒண்ணுமில்ல, பங்குனில வாசம்னா கணக்கு சரியாத்தான் இருக்கு. அப்புறம் நம்ம ஊர் பாறை பூமி, தண்ணி வெடிப்பு வழியாத்தான் ஓடும், 30 மீட்டர்ல இருக்கற போர தாண்டி 70 மீட்டர்ல இருக்கற கிணத்துல வரலாம், அவர் சொல்றத ஒத்துக்காதீங்க.

சாம்பிள இப்பவே எடுக்க சொல்லுங்க. கண்ணாடி பாட்டில், மேல காத்துக் குமிழி ஒண்ணு கூட இருக்கக்கூடாது, ஐஸ் பெட்டில வெச்சு லேபுக்கு போகணும். பிளாஸ்டிக்ல அரை பாட்டில் புடிச்சா பென்சீன் வழிலயே பறந்துடும், அந்த ரிப்போர்ட்ட நான் நம்பமாட்டேன். குடிநீர்ல பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வெச்ச அளவே லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான், மூக்குக்கு தெரியற அளவு பென்சீன் வந்துச்சுன்னா அதெல்லாம் எப்பவோ தாண்டியிருக்கும்.

டிப்ஸ்டிக்:
பங்க்ல 11 வருஷம் வேலை பார்த்தவன். தினமும் காலைல டேங்க்ல கம்பி விட்டு அளந்து ரெஜிஸ்டர்ல எழுதுவாங்க. வந்த லோடு, வித்த லிட்டர், மிச்சம், மூணையும் போட்டு பார்த்தா கசிவு தெரியும், ஆனா கொஞ்சம் கொஞ்சமா போனா வெயில்ல ஆவியாயிடுச்சுன்னு எழுதி தள்ளிடுவாங்க. அதனால ஒரு நாள் கணக்கு போதாது, ஒரு வருஷத்தது கேளுங்க. டேங்க்ல அடிக்கடி தண்ணி ஏறுதான்னும் பாருங்க, ஓட்டைக்கு மேல நிலத்தடி நீர் நின்னா உள்ள தண்ணி வரும். பல தடவ டேங்க் நல்லாத்தான் இருக்கும், மெஷினுக்கு போற பைப் ஜாயிண்ட்ல ஒழுகும், டேங்க மட்டும் டெஸ்ட் பண்ணி விட்டுடுவாங்க.

சுன்னாகத்தான்:
எங்கட சுன்னாகத்திலயும் மின்நிலையத்தின்ர கழிவு ஒயில் கிணறுகளுக்குள்ள இறங்கினது. யாழ்ப்பாணத்தில வருஷம் முழுக்க ஓடுற ஆறே இல்லை, சுண்ணாம்புப் பாறைக்குள்ள நிக்கிற தண்ணிதான் எல்லாத்துக்கும். வழக்குப் போட்டு 2019இல இலங்கை உச்ச நீதிமன்றம் அந்த மின்நிலையக் கொம்பனிய 2 கோடி ரூபாய் கட்டச் சொன்னது, அதுவரைக்கும் சனம் பட்ட பாடு கொஞ்சமில்லை. எந்த நாள் மணம் வந்தது, தண்ணி எவ்வளவு ஆழத்தில நிண்டது, எல்லாத்தையும் திகதியோட எழுதி வையுங்கோ.

தோட்டத்துக்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். நாளைக்கே மனு எழுதறேன், ரெஜிஸ்டரும் பைப் டெஸ்ட்டும் சேர்த்து கேக்கறேன். ஒழுகல்னு நிரூபணம் ஆனா எப்படி சுத்தம் பண்ணுவாங்க, கிணறு திரும்ப ஆகுமா?

பாறைநீர்:
முதல்ல ஒழுகறத நிறுத்தணும், அது இல்லாம மத்தது எல்லாம் வீண். டேங்க சுத்தி கெட்ட மண்ண தோண்டி எடுக்கணும், குறைஞ்சது மூணு போர் முக்கோணமா போட்டு தண்ணி எந்த பக்கம் ஓடுதுன்னு பார்க்கணும், மிதக்கறத உறிஞ்சி எடுத்துட்டு மண்ணுல இருக்கற ஆவிய பம்ப் வெச்சு இழுப்பாங்க. கடைசியா மிச்சம் இருக்கறத மண்ணுல இருக்கற பாக்டீரியாவே தின்னும், ஆனா பாறை வெடிப்புல சிக்குனது சீக்கிரம் போகாது, வருஷக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் உங்களுக்கு வேற குடிதண்ணி குடுக்கணும்னு மனுவுலயே எழுதிடுங்கண்ணா.