வெள்ளைச் சட்டை மஞ்சளாகிறது: குற்றம் மெஷினிலா, கிணற்றிலா?

நாவற்குடா அம்மா:
முன்கதவு வோஷிங் மெஷின் வாங்கி எட்டு மாதம். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் தேத்தண்ணியில் நனைத்த மாதிரி ஆகிவிட்டது. கிணற்றுத் தண்ணீரை மோட்டரில் தாங்கிக்கு ஏற்றித்தான் பாவிக்கிறோம். ப்ளீச் போட்டேன், இன்னும் மோசம். இடைக்கிடை தண்ணீர் வரவில்லை என்று மெஷினும் நின்றுவிடுகிறது.

கல்லடிப் பழசு:
மெஷின் தோய்க்கிற இலட்சணம் அதுதான் தங்கச்சி. கல்லில் நாலு அடி போட்டால்தான் ஊத்தை போகும். கொஞ்சத் தண்ணீரில் உருட்டி எடுத்தால் அழுக்கு எங்கே போகும்? மெஷின்தான் வேண்டுமென்றால் எங்கள் வீட்டு இரட்டைத் தொட்டி மாதிரி ஒன்று. பதினொரு வருடமாக ஓடுகிறது, சட்டையும் வெள்ளைதான்.

காத்தான்குடி நானா:
அண்ணன், உங்களுக்கு எந்தத் தண்ணீர்?

கல்லடிப் பழசு:
குழாய்த் தண்ணீர். அதுக்கென்ன?

காத்தான்குடி நானா:
அங்கேதான் விஷயம். தங்கச்சி, வெள்ளை வாளியில் கிணற்றுத் தண்ணீரை நேரே பிடித்து ஒரு இரவு வையுங்கள். அடியில் செம்மண் நிறத்தில் படிந்தால் அது இரும்பு. கரைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, காற்றுப் பட்டதும் கறளாகும். ப்ளீச் அதை இன்னும் வேகமாகச் செய்யும், கறள் நூலிலேயே பிடித்துக்கொள்ளும். ப்ளீச்சை நிறுத்துங்கள். சட்டையை நன்றாக அலசிவிட்டு எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த தண்ணீரில் ஊறப்போடுங்கள். ப்ளீச்சையும் எலுமிச்சை உப்பையும் ஒன்றாகக் கலந்துவிட வேண்டாம், நச்சு வாயு வரும்.

கல்லடிப் பழசு:
சரி, கறளை விடுங்கள். மெஷின் நிற்கிறதே, அதுவும் கிணறா?

காத்தான்குடி நானா:
அதில் பாதி உங்கள் பக்கம்தான். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார் அழுத்தம். தாங்கி மெஷினுக்கு மேலே 3 மீட்டரில் இருந்தால் 0.3 பார். என் மெஷின் புத்தகத்தில் குறைந்தது 0.5 என்று இருக்கிறது. இரட்டைத் தொட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, வாளியாலும் ஊற்றலாம். ஆனால் முதலில் பைப்பைப் பூட்டிவிட்டு, மெஷினில் தண்ணீர் நுழைகிற இடத்து வலையைக் கழற்றிப் பாருங்கள்.

நாவற்குடா அம்மா:
பார்த்தேன் நானா. கட்டைவிரல் அளவு வலை, முழுக்கச் செங்கல் தூள் அப்பின மாதிரி. பழைய பல் தூரிகையால் தேய்த்ததும் தண்ணீர் சீறிக்கொண்டு வருகிறது. வாளியின் அடியும் அதே நிறம்.

கல்லடிப் பழசு:
அப்போ அந்தக் கிணற்றுத் தண்ணீரென்றால் கல்லில் அடித்தாலும் மஞ்சள்தானா?

காத்தான்குடி நானா:
மஞ்சள்தான் அண்ணன். பொத்தானும் உடையும்.

நாவற்குடா அம்மா:
ப்ளீச் போத்தலை மாமி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே குழாய்த் தண்ணீர்.