புதுப்பிப்பு: அம்மாவின் கைபேசியில் தொடர் ஓடிவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேனே, தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் அம்மாவின் கைபேசியில் மட்டும், படம் பார்க்கும் செயலியில் தொடர் ஓடவில்லை என்று? வட்டம் சுற்றும், பிறகு ‘இயக்க முடியவில்லை’ என்று வந்து நிற்கும். நீங்கள் சொன்னபடி தற்காலிகச் சேமிப்பை அழித்தேன், செயலியை நீக்கி மறுபடி நிறுவினேன், வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கும் மாறினேன். பலனில்லை.

குற்றவாளி கடிகாரம்! சென்னையிலிருந்து திரும்பிய அம்மா, நேர மண்டலத்தை இந்தியாவிலேயே விட்டுவிட்டு, மணியை மட்டும் கையால் 3½ மணி நேரம் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார். பார்க்கிற கண்ணுக்கு மணி சரி. ஆனால் அந்த மணியை இந்திய நேரமாக எடுத்துக்கொண்டு கைபேசி உள்ளே கணக்கிடும் உலகப் பொது நேரம் (UTC) 3½ மணி நேரம் பின்தங்கிவிட்டது. பூட்டுப் போட்ட, அதாவது நகலெடுக்க முடியாதபடி பாதுகாத்த, படங்களையும் தொடர்களையும் திறக்கச் செயலி பெறும் உரிமத்துக்குத் தொடக்க நேரமும் காலக்கெடுவும் உண்டு. இன்னும் பிறக்காத நேரத்தில் தந்த உரிமம் என்று செயலி அதை ஒதுக்கியிருக்க வேண்டும். பூட்டில்லாத காணொளிகள் ஓடியபோதே நான் சந்தேகப்பட்டிருக்கலாம்.

அமைப்புகளில் தேதி, நேரம் என்ற பக்கத்தில் நேரத்தையும் மண்டலத்தையும் தானாக அமையும்படி மாற்றி, செயலியை மூடித் திறந்தேன். உடனே ஓடியது.

“மணி சரியாகத்தானே காட்டியது?” என்று அம்மா இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்.