ராமேஸ்வரத்தில் தனி ஆளுக்கு ரூம் கிடைக்குமா?

ஐஸ் பிளான்ட் மெக்கானிக், தூத்துக்குடி:

பாம்பன், மண்டபம் பக்கம் எனக்கு வேலை வருவதே மீன்பிடித் தடைக்காலத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. ஐஸுக்குத் தேவை குறைகிற அந்த 61 நாளில்தான் முதலாளிமார் கம்ப்ரசரைப் பிரிக்க விடுவார்கள். பள்ளிக்கூட லீவும் அப்போதுதான். ஊர் முழுக்க வேனும் பஸ்ஸும். டூல்ஸ் பையோடு போய் நின்றால் ரிசப்ஷனில் முதல் கேள்வி, "ஃபேமிலியா?" இல்லை என்றால், "தனி ஆளுக்கு ரூம் இல்லண்ணே."

கிடைத்தாலும் தூக்கம் சந்தேகம்தான். ஸ்படிக லிங்க தரிசனம் காலை ஐந்து மணிக்கு. நாலு மணிக்கே வராண்டாவில் கதவு தட்டும் சத்தம், "பாட்டி எந்திரிச்சாச்சா?" அப்புறம் அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்துணியோடு வருவார்கள், மாடிப்படி எல்லாம் தண்ணீர். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? அவர்களுக்காகக் கட்டிய லாட்ஜ்தானே. ஜிஎஸ்டி பில் கேட்கிற நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இப்போது ராமநாதபுரத்தில் தங்கி ரயிலில் போய் வருகிறேன். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியபோது பஸ்தான் கதி. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகுதான் நிம்மதி.

குடும்பத்தோடு போனவர், மதுரை:

எங்களுக்கு ரூம் பிரச்சினை இல்லை. மனதில் நிற்பது தனுஷ்கோடியில் ஒரு மீன் வறுவல் கடை. கடைக்காரர் முன்பு வேன் ஓட்டியவர். 2017-ல் அரிச்சல்முனை ரோடு திறக்கும்வரை முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணல்தான். இவர் மாதிரி ஆட்களின் வேனில்தான் போக வேண்டும். இப்போது அவரவர் காரிலேயே முனை வரை போய்விடுகிறார்கள். "ரோடு ஊருக்கு நல்லதுதான் சார். என் வண்டிக்குத்தான் ஆகல" என்றார், மசாலா தடவிய சங்கராவைக் கல்லில் திருப்பிக்கொண்டே.

தடைக்காலத்தில் மீனுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகு போகுது, கரைவலையும் இழுக்கிறோம்." 1964 புயலில் இடிந்த சர்ச்சைப் பார்க்க வந்த கூட்டத்தில் பாதி அவர் கடை முன்னால்தான் நின்றது. ருசி அப்படி.

லாட்ஜ் பக்கமிருந்து, ராமேஸ்வரம்:

மெக்கானிக் அண்ணே, தனி ஆளுக்கு ரூம் தராதது திமிரில் இல்லை. உள்ளே ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ் முதலில் வந்து நிற்பது எங்கள் ரிசப்ஷனில்தான். ஆதாரோடு கம்பெனி ஐடி கார்டும் காட்டுங்கள், பிளான்ட் முதலாளியை ஒரு போன் பண்ணச் சொல்லுங்கள், நான் தருகிறேன். பில்லும் முறையாகவே வரும். மே மாதத்துச் சனி, ஞாயிறு மட்டும் கேட்காதீர்கள்.