உதவி தேவை: மாணவர் பாட்காஸ்டில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது

சுண்ணக்கட்டி:
வணக்கம். எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கும் ஆசிரியை நான். பாடத்தை ஒட்டி மாணவர்களே பேசும் பத்து நிமிட பாட்காஸ்ட் ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். உற்சாகத்துக்குக் குறைவில்லை, கேட்கத்தான் முடியவில்லை.

ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார, நடுவில் கைபேசியை வைத்துப் பதிவு செய்தோம். அடியில் மின்விசிறி உறுமிக்கொண்டே இருந்தது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரைச்சல் குறைப்பைப் போட்டேன். போதவில்லை என்று மேலும் இரண்டு முறை போட்டேன். விசிறி போய்விட்டது, ஆனால் பிள்ளைகள் இப்போது தண்ணீருக்குள் மூழ்கிப் பேசுகிறார்கள். எதிரொலி அப்படியே இருக்கிறது. மெல்லப் பேசும் ஒரு மாணவி சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தேறவில்லை. பக்கத்தில் இருந்தவன் சிரித்ததோ காதைக் கிழிக்கிறது.

இன்னொரு சிக்கல். ஒரு மாணவன் வீட்டில் தொகுத்து அனுப்பிய கோப்பு எந்தக் கைபேசியிலும் திறக்கவில்லை. பெயரின் கடைசியில் 'ஏயுபி3' என்று இருக்கிறது. நல்ல மைக் வாங்கினால் இதெல்லாம் சரியாகுமா?

ஒலிமேசை:
வணக்கம் டீச்சர். எளியதை முதலில் முடித்துவிடுவோம். அவன் அனுப்பியது ஒலிக்கோப்பே அல்ல, ஆடாசிட்டியின் வேலைக்கோப்பு. வெட்டிய இடம், ஒட்டிய இடம் எல்லாம் அதற்குள் இருக்கும், ஆனால் வேறு செயலிகளில் ஓடாது. 'சேமி' கொடுத்தால் அதுதான் கிடைக்கும். கேட்பதற்கு வேண்டுமென்றால் 'ஏற்றுமதி' கொடுத்து எம்பி3 ஆக்க வேண்டும். வெறும் பேச்சுக்கு மோனோ (ஒற்றைத் தடம்), 64 கேபிபிஎஸ் (ஒரு நொடி ஒலிக்கு இத்தனை கிலோபிட் என்ற கணக்கு) போதும். பத்து நிமிடம் 5 எம்பிக்குள் அடங்கிவிடும். 320இல் வைத்தால் அதே பத்து நிமிடம் 24 எம்பி ஆகும். வேலைக்கோப்பை அழித்துவிட வேண்டாம், பிறகு திருத்த அதுதான் வேண்டும்.

இனி கிணற்றுக் குரல். விசிறியின் உறுமல் ஒரே சீராக இருப்பதால் மென்பொருள் அதன் மாதிரியை எடுத்துக்கொண்டு கழித்துவிடும். எதிரொலி அப்படி இல்லை. அது பிள்ளையின் குரலே சுவரில் பட்டுத் திரும்புவது. குரலிலிருந்து குரலைக் கழிக்கச் சொன்னால் மென்பொருள் என்ன செய்யும்? அதற்குள் நீங்கள் மூன்று முறை போட்டிருக்கிறீர்கள், ஒவ்வொரு முறையும் குரலில் ஒரு பகுதி போயிருக்கும். மூலப் பதிவு இருந்தால் அதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்: யாரும் பேசாத இரண்டு நொடியை மாதிரியாகக் கொடுத்து, 12 டெசிபெல் (ஒலி அளவைக் குறிக்கும் அலகு) அளவில் ஒரே ஒரு முறை. அடுத்த பதிவுகளில் முதல் ஐந்து நொடி எல்லோரும் வாயை மூடி இருக்கட்டும், மாதிரி தேடி அலைய வேண்டாம்.

உண்மையான மருந்து தூரம்தான். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டித்தால் நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபெல் இறங்கும். அறையின் எதிரொலி அநேகமாக இறங்காது. மேசை நடுவில் கைபேசியை வைத்தால் கைபேசி அறையைத்தான் கேட்கிறது. ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். ஒருவர் பேசி முடித்ததும் கைபேசி அடுத்தவரிடம் போகட்டும், இடைவெளியைப் பிறகு வெட்டிவிடலாம்.

வெண்பலகை:
எங்கள் வகுப்பில் யுஎஸ்பி மைக் ஒன்று வாங்கினோம். வேறுபாடு நன்றாகவே தெரிந்தது. முடிந்தால் வாங்கிவிடுங்கள்.

ஒலிமேசை:
மறுக்கவில்லை. ஆனால் அதையும் மேசை நடுவில் வைத்தால் எதிரொலியைத்தான் இன்னும் துல்லியமாகப் பிடித்துத் தரும். முதலில் இடம், பிறகு தூரம், மூன்றாவதுதான் மைக்.

நூலகஅடுக்கு:
இடம் தேர்வதற்கு ஒரு வழி சொல்கிறேன். அறைக்குள் போய் ஒரே ஒரு முறை கைதட்டுங்கள். தட்டிய பிறகு 'ணிங்' என்று ஒரு வால் நீண்டால் அங்கே பதிவு வேண்டாம். வகுப்பறையில் நான்கு பக்கமும் வெற்றுச்சுவர், வால் நீளத்தான் செய்யும். புத்தக அடுக்குகளுக்கு நடுவே தட்டிப் பாருங்கள், சத்தம் அங்கேயே செத்து விழும்.

மைக்கை வாய்க்கு நேரே பிடிக்காமல் சற்றுச் சாய்வாகப் பிடிக்கச் சொல்லுங்கள். வல்லினம் என்று நடத்துவீர்களே, அதில் மைக்குக்கு எமன் 'ப'தான். 'பப்பாளி' என்று ஒருமுறை சொன்னால் காற்று நேராக அதில் மோதி 'டப்' என்று விழும்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். பிள்ளைகள் எழுத்துத் தமிழில் எழுதி வைத்து வாசித்தார்கள் என்றால் ஒலி சரியானாலும் ஒப்புவித்தல் போட்டிபோலத்தான் இருக்கும். தாளை வாங்கிவிட்டு, ஒரு சீட்டில் ஐந்து சொற்கள் மட்டும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சுண்ணக்கட்டி:
வாசித்தார்கள்தான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்!

இன்று நூலகத்தில், விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தோம். வியர்த்துக் கொட்டியது, ஆனால் குரல் பக்கத்தில் இருந்து பேசுவதுபோல் கேட்கிறது. ஒவ்வொருவரும் பேசுவதற்கு முன் கட்டைவிரலை மோவாயிலும் சுண்டுவிரலைக் கைபேசியிலும் வைத்துச் சாண் அளந்தது பார்க்க வேடிக்கையாக இருந்தது. மெல்லப் பேசும் மாணவி குரலை உயர்த்தவே இல்லை, அரைச் சாணுக்கு நெருங்கி உட்கார்ந்தாள், அவ்வளவுதான். சிரிக்கிறவன் மட்டும் ஒரு முழம் தள்ளி.

இதை மற்ற வகுப்புகளுக்குப் போட்டுக் காட்டினால் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்பார்களா?

வெண்பலகை:
மொத்தமாகப் போட்டால் மூன்றாவது நிமிடத்தில் ஜன்னலைப் பார்ப்பார்கள். தொடங்குமுன் ஒரே ஒரு கேள்வியைப் பலகையில் எழுதுங்கள், விடை வரும் இடத்தில் நிறுத்துங்கள். பேச்சை எழுத்தாக்கி ஒரு தாளும் கொடுங்கள், காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கு அது இல்லாமல் முடியாது. பள்ளிக்கு வெளியே யாருக்காவது அனுப்புவதென்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்கிவிடுங்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டாம், உரிமைச் சிக்கல் வரும். பிள்ளைகளே மேசையில் தாளம் தட்டட்டும்.

சுண்ணக்கட்டி:
தாளத்துக்கு ஏற்கெனவே அடிதடி தொடங்கிவிட்டது. அந்தக் கிணற்றுப் பதிவை நான் அழிக்கவில்லை. அடுத்த குழு வரும்போது முதலில் அதைத்தான் போட்டுக் காட்டப்போகிறேன்.