கஸ்ட் (திடீர்னு வேகமா அடிக்கிற காத்து) வந்தாலே ஐஎல்சிஏ 6 போட்டு (ஒருத்தர் ஓட்டுற பாய்மரப் படகு) கவுந்துடுது, எங்க தப்பு பண்றேன்?

வணக்கம். சென்னையில செயிலிங் கத்துக்க ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆகுது, எடை 56 கிலோ, ஓட்டுறது ஐஎல்சிஏ 6, பழைய பேரு லேசர் ரேடியல், நம்ம நேத்ரா குமணன் ஒலிம்பிக்ல ஓட்டினாங்களே அதே போட்டுதான். காத்து வேகம் 10 நாட் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. ஆனா மத்தியானம் கடல்காத்து ஏறிடுச்சுன்னா 14, 15 இருக்கும், நடுவுல திடீர்னு 20 அடிக்குது. காத்தை எதிர்த்துப் போறப்போ போட்டு சாயுது, தானா காத்துப் பக்கம் திரும்புது, நான் டில்லரை (சுக்கான் கைப்பிடி) நெஞ்சு வரைக்கும் இழுத்துப் பிடிக்கிறேன், அப்பவும் கேக்கல, பூம் (பாயோட அடிக்கட்டை) நுனி தண்ணியில உரசுது, அப்படியே கவுந்துடுது. போன ஞாயித்துக்கிழமை ஆறு தடவை. கஷ்டப்பட்டு நிமித்தினா நான் ஏறுறதுக்குள்ள ஓட ஆரம்பிச்சு மறுபடி கவுருது. பயமா இருக்கு, விடவும் மனசு வரல.

பதில் 1: மெயின்ஷீட்டை (பாயை இழுத்து விடுற கயிறு) கிளீட்ல (கயிறு நழுவாம கவ்விப் பிடிக்கிற கொக்கி) மாட்டிட்டா ஓட்டுறீங்க?

கேட்டவர்: ஆமாண்ணா, கை எரியுது, அதான்.

பதில் 1: அங்கதான் தப்பு தம்பி. காத்து 12ல இருந்து 18 ஆனா ஒன்றரை மடங்குதான், ஆனா பாய் மேல விழுற விசை ரெண்டேகால் மடங்கு, உங்க எடை அதே 56தான். கஸ்ட்ல ஷீட் கையிலயே இருக்கணும். காத்து வர்ற பக்கம் தண்ணியைப் பாத்துக்கிட்டே இருங்க, கறுப்பா சின்னச் சின்ன சுருக்கம் ஓடி வரும், அது போட்டைத் தொடுற அந்த நொடியே ஒரு முழம் விடுங்க, உடம்பை நல்லா வெளிய சாய்ங்க, போட்டு தட்டையானதும் திரும்ப இழுங்க. சாஞ்சப்புறம் டில்லரோட மல்லுக்கட்டி பிரயோஜனமே இல்ல, சுக்கான் அப்ப பிரேக்கு மாதிரிதான் நிக்கும்.

பதில் 2: அண்ணா சொன்னதோட, வேங்க்னு பூமைக் கீழ இழுத்துப் பிடிக்கிற கயிறு இருக்குல்ல, அதையும் பாருங்க. அது லூசா இருந்தா ஷீட்டை விட்டதும் பூம் மேல தூக்கும், பாய் இன்னும் தொப்பையாயிடும். நல்லா இறுக்குங்க, கன்னிங்ஹாமையும் (பாயோட முன் ஓரத்தைக் கீழ இழுக்கிற கயிறு) இழுங்க, டாகர்போர்டை (போட்டுக்கு அடியில நீட்டிட்டு இருக்கிற பலகை) ஒரு நாலு விரக்கடை தூக்கிக்கோங்க. ஆனா காத்தோட இறங்கத் திரும்புறதுக்கு முன்னாடி வேங்க் கயிறைக் கொஞ்சம் விட மறந்துடாதீங்க, இல்லேன்னா பூம் நுனி தண்ணியில குத்தும். கவுந்தா முதல்ல வேங்க், ஷீட் ரெண்டையும் முழுசா விட்டுட்டு அப்புறம் நிமித்துங்க, நிமித்தினதும் போட்டு ஓடுறது அதை விடாததாலதான்.

பதில் 3: 56 கிலோவுக்கு 20 நாட்னா ஐஎல்சிஏ 4 பாய் கேட்டு வாங்குங்க, ஹல் (படகோட உடம்பு) அதேதான், மாஸ்டோட (பாய்மரம்) கீழ்த்துண்டும் பாயும்தான் மாறும். பாயோட பரப்பு 5.76 சதுர மீட்டர்ல இருந்து 4.7 ஆயிடும். நான் ஒரு சீசன் முழுக்க அப்படித்தான் ஓட்டினேன்.

பதில் 1: வாங்கலாம், ஆனா ஷீட் விடுற பழக்கம் வராம சின்னப் பாய் போட்டாலும் கவுரும். ரெஸ்க்யூ போட்டு இல்லாத அன்னிக்கு மட்டும் இறங்கவே இறங்காதீங்க.

கேட்டவர்: நேத்து போயிட்டு வந்தேன்ணா. கிளீட் பக்கமே போகல, கிளவுஸ் போட்டுக்கிட்டேன். முதல் அரை மணி நேரம் எல்லா கஸ்ட்டுக்கும் லேட்டாதான் விட்டேன், அப்புறம் அந்தக் கறுப்புத் திட்டு கண்ணுக்குப் பழகிடுச்சு. ஒரே ஒரு தடவைதான் கவுந்தேன், அதுவும் ஜைப்ல (காத்து பின்னாடி இருக்கிறப்போ பாயை மறுபக்கம் மாத்தித் திரும்புறது), ஷீட் போய் போட்டோட பின் மூலையில மாட்டிக்கிச்சு. அதுக்கு என்ன பண்றது?

பதில் 2: பூம் நடுவுக்கு வர்றப்போ தொங்குற ஷீட்டை ஒரு வெட்டு வெட்டி இழுங்க, மாட்டாது.