கண்டித்து வளர்த்தால் போதுமா?

இரண்டு பெண்களின் அப்பா:
எங்கள் தெருவில் பத்தாவது படிக்கிற பெண் கர்ப்பம். அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார், அம்மா பனியன் கம்பெனியில் ஷிப்ட், வளர்த்தது பாட்டி. கேட்க ஆளில்லாத வீட்டில் இப்படித்தான் ஆகும். என் பெண்கள் ஆறு மணிக்கு மேல் வாசலைத் தாண்டமாட்டார்கள். பள்ளியில் பாலியல் கல்வி எல்லாம் வெட்டி வேலை.

நர்ஸம்மா:
சார், கிராமத்தில் கர்ப்பப் பதிவு போடுகிறவள் நான். கேட்க ஆள் நிறைய இருக்கிற வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். அம்மாவிடம் வாய் திறக்க முடிந்தவள், நாள் தள்ளிப்போனதுமே வந்துவிடுவாள். அப்பாவின் பெல்ட்டுக்குப் பயந்தவள் யூனிபார்ம் ஓவர்கோட்டைக் கழற்றாமலே மறைத்து, ஐந்தாம் மாதம் வருவாள். கையைப் பிடித்துப் பார்த்தால் ரத்தசோகையில் நகமெல்லாம் வெளுத்திருக்கும்.

பாட்டி வளர்த்தவன்:
பாட்டியைக் குறை சொல்லாதீங்க சார். அப்புறம், எல்லாரும் பெண்ணை மட்டும்தான் பூட்டுகிறீர்கள். 16 வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் நண்பன் போனில் பார்த்த வீடியோதான். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை, ஆம்பளைப் பிள்ளையாம்.

இரண்டு பெண்களின் அப்பா:
மறைப்பதற்குக் காரணம் போக்சோ, அந்தச் சிறார் பாலியல் குற்றத் தடுப்புச் சட்டம். ஆஸ்பத்திரிக்குப் போனாலே போலீஸ் வரும் என்றால் எந்தக் குடும்பம் போகும்?

நர்ஸம்மா:
அது நியாயமான பயம்தான். 18 வயதுக்குள் என்றால் தகவல் கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் கருக்கலைப்புக்கு வரும் பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் அவள் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சிறுமிக்கு 24 வாரம் வரை சட்டத்தில் இடமிருக்கிறது. வீட்டில் ஒளித்தால் அந்த நாளும் போய்விடும். இன்னொன்று, போக்சோ வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தெரிந்த ஆள்தான் குற்றவாளி என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கே சொல்கிறது. ஆறு மணிக்குக் கதவைச் சாத்தும்போது உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா?

இரண்டு பெண்களின் அப்பா:
சரி. கூடத்தில் என் அம்மா உட்கார்ந்திருக்க, என்னவென்று பேச்சை எடுப்பது?

நர்ஸம்மா:
கூடத்தில் வேண்டாம். இந்த மாதம் நாப்கினை நீங்களே போய் வாங்கி வாருங்கள். கறுப்புக் கவர் வேண்டாம் என்று சொல்லி, அப்படியே கையில் எடுத்து வாருங்கள்.

இரண்டு பெண்களின் அப்பா:
கடைக்காரன் என் சித்தப்பா மகன், சிஸ்டர்.