கண்மாய்த் தண்ணீரில் ஆக்சிஜன்: காலைக்கும் மதியத்துக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

உப்பங்கழி: ராமநாதபுரம் மாவட்டம் சித்திரங்குடி பறவைகள் சரணாலயம் பக்கம் ஒரு கண்மாயில் விங்க்ளர் முறையில் (மருந்து கலந்து ஆக்சிஜனுக்கு ஈடான அயோடினை உண்டாக்கி அளக்கும் முறை) கரைந்த ஆக்சிஜன் பார்க்கிறோம். காலை 6 மணிக்கு லிட்டருக்கு 2 மி.கி., மதியம் 2 மணிக்கு 11. செய்முறைப் பிழையா?

கருவேலங்காடு: பிழை என்று சொல்லிவிட முடியாது தம்பி. 30 டிகிரி நன்னீரின் செறிவளவே (காற்றிலிருந்து நீர் கரைத்து வைத்துக்கொள்ளும் உச்ச அளவு) லிட்டருக்குச் சுமார் 7.5 மி.கி.தான். ஆனால் பறவை எச்சம் விழுந்து பாசி மண்டிய கண்மாயில் வெயில் நேரத்தில் பாசி ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜனை விடுவதால் அதைத் தாண்டும். ராத்திரி முழுக்கப் பாசியும் பாக்டீரியாவும் சுவாசிப்பதால் விடியலில் அளவு ரொம்பவும் இறங்கிவிடும். நேரமும் ஆழமும் எழுதாத அளவு எதற்கும் உதவாது.

பாட்டிலையும் பாருங்கள். 300 மி.லி. பாட்டிலில் ஒரு குமிழிகூட நிற்கக் கூடாது. கரையிலேயே மாங்கனீஸ் சல்பேட் 1 மி.லி., கார அயோடைடு-அசைடு 1 மி.லி.; பிப்பெட் நுனி நீருக்குள் இருக்க வேண்டும். வீழ்படிவு வெள்ளையாகவே நின்றால் ஆக்சிஜன் இல்லை; பழுப்பு என்றால் உண்டு. அது பாதிக்குக் கீழ் படிந்ததும் அடர் கந்தக அமிலம் 1 மி.லி. பிறகு 201 மி.லி. எடுத்து 0.025 நார்மல் (கரைசலின் வலிமை அலகு) தயோசல்பேட்டால் தரம் பாருங்கள்; அதாவது அயோடின் நிறம் மறையும் வரை சொட்டுச் சொட்டாக விட்டு அளவிடுங்கள். செலவாகும் ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 1 மி.கி.

உப்பங்கழி: அயோடினை நீலமாகக் காட்டும் ஸ்டார்ச்சை முதலிலேயே ஊற்றிவிடுகிறோம் அண்ணே.

நாரைக்கண்: அங்கேதான் கோளாறு! வெளிறிய வைக்கோல் நிறம் வந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். முந்தினால் அயோடின் ஸ்டார்ச்சில் சிக்கிக்கொண்டு முடிவுப்புள்ளி (நீலம் மறையும் கணம்) மங்கிவிடும். மறைந்த நீலம் சற்று நேரம் கழித்துத் திரும்பினால் கண்டுகொள்ளாதீர்கள். கடலோர மாவட்டக் கண்மாய் என்பதால், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனும் குறியுங்கள். கோடையில் உப்பு ஏற ஏறச் செறிவளவு குறையும். சரணாலய எல்லைக்குள் என்றால் முதலில் வனத்துறை அனுமதி.